கொடி ஏன் படரவில்லை?

எங்கள் புது வீட்டு மல்லிகைக் கொடி 14 மாதங்களில் வளர்ந்தது 41 சென்ரிமீற்றர். தையல் நாடாவால் நானே அளந்த கணக்கு இது. நடும்போது ஒரு முழம் இருந்தது. 2024 மே மாதத்தில் இரண்டு முழத்தை இன்னும் எட்டவில்லை. இதே தாய்க்கொடியில், இதே நாளில் பதியம் வைத்து எடுத்த இன்னொரு கன்று சாச்சி வீட்டுக் குளியலறைக் கூரையில் ஏறி, அங்கிருந்து அடுத்த வளவின் முருங்கை மரத்தையும் பிடித்து, அந்த வளவுக்காரருக்கும் பூக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கூரையில், மற்றது என் இடுப்பளவில்.

உயர்தரத்தில் உயிரியலோடும் இரசாயனவியலோடும் விவசாய விஞ்ஞானமும் படிக்கிற ஒருத்தி இருக்கும் வீட்டில் இப்படி நடந்தால் வீட்டார் சும்மா விடுவார்களா? "சின்ன ராத்தா, பாடத்த மாத்துங்க" என்று தம்பி வருகிறவர் போகிறவர் முன்னாலெல்லாம் சொல்லத் தொடங்கினான். அவன் வாயை மூடுவதற்காகவாவது காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை.

கிழக்குக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மூத்த மகளுக்குத் திருமணம் முடிந்தால் தாயின் வீடு மகளுக்குப் போகும். தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறிடம் பார்ப்பார்கள். உம்மம்மா உம்மாவுக்குக் கொடுத்த வீடு 2023 ஜனவரியில் ராத்தாவுக்குப் போனது. உம்மா அந்த வீட்டில் பிறந்தவர், அந்த வீட்டில் மணமுடித்தவர், எங்கள் மூன்று பேரையும் அந்த வீட்டில் வைத்து வளர்த்தவர். 46 வருடங்கள். மகளுக்கு வீடு கொடுப்பதில் எந்தத் தாய்க்கும் மனக்குறை இருப்பதில்லை என்று சொல்வார்கள். உம்மாவிடமும் இருக்கவில்லை. அலுமாரி, அம்மி, பெரிய கட்டில், சருவம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, பின்கதவுப் பந்தலில் இருந்த மல்லிகையில் இரண்டு பதியம் மட்டும் எடுத்து வந்தார். ஒன்று எங்களுக்கு, ஒன்று தங்கச்சிக்கு. அந்தப் பந்தல் உம்மம்மா போட்டது. மஃரிப் தொழுகை முடிந்து முசல்லாவை மடிக்கும் நேரம் அதில் மொட்டுகள் விரியத் தொடங்கும். விளக்குப் போடாமலே பூத்துவிட்டது என்று தெரியும்.

புது வீடு ஊரின் மேற்குக் கரையில் இருக்கிறது. எங்கள் கரையோர ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் துண்டுகள். கிழக்கே கடல் இருப்பதால் அந்தப் பக்கம் போக வழியில்லை. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மேற்கே திரும்பி, வட்டை ஓரத்தில் வயல் துண்டை வாங்கி, டிப்பரில் கிறவல் இறக்கி உயர்த்தித்தான் கட்டுகிறார்கள். எங்கள் காணிக்கும் மூன்றடி உயரத்துக்குக் கிறவல் போட்டார்கள். குசினி வாசலுக்குப் பக்கத்தில், பந்தல் போட வசதியான இடமாகப் பார்த்து உம்மா கன்றை நட்டார்.

கொடி நன்றாக இல்லை என்று தெரிந்ததும் வைத்தியர்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு மாமி முதலில் வந்து, "கண்ணூறு பட்டிரிக்கும்" என்றார். பிறகு, கண்ணூறோடு முட்டைக் கோதும் பார்க்கலாம் என்று, தன் வீட்டுக் கோதையெல்லாம் நொறுக்கி ஒரு சொப்பிங் பையில் கொண்டுவந்து போட்டார். அடுப்புச் சாம்பலும் வந்தது. மீன் கழுவின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர், தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் என்று எங்கள் மல்லிகை சாப்பிட்டதை நாங்கள் சாப்பிட்டிருந்தால் குண்டாகியிருப்போம். மீன் தண்ணீரால் ஒரு பலன் கிடைத்தது. அடுத்த தெருப் பூனைகளெல்லாம் எங்களுக்குப் பழக்கமாகின.

வாப்பா வயல் செய்கிறவர். அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "பசளை பத்தல்ல. ஒரு புடி யூரியா போட்டா எழும்பி வந்திரும்." வாப்பா அப்படிச் சொல்வதில் ஒரு கதை இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கினாலும் அந்தப் பெரும்போகத்துக்கு யூரியா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அப்போது நான் தரம் 9. வயலுக்குச் சோறு கொண்டுபோன நாளில் வாப்பா வரம்பில் குந்தி இருந்து, மஞ்சளாய்ப் போன பயிரைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் போகத்துக்குப் பிறகு எந்த இலை மஞ்சளித்தாலும் அவருக்கு யூரியாதான் நினைவுக்கு வரும். கொடிக்கும் ஒரு பிடி போட்டார். இரண்டு கிழமையில் பழைய இலைகள் இன்னும் கரும்பச்சையாகின. நுனித் தளிர் மட்டும் முன்னைப்போலவே மஞ்சளாக, வளராமல் நின்றது.

அந்த இடத்தில்தான் எனக்கு முதல் பிடி கிடைத்தது. செடியில் எந்த இலை மஞ்சளிக்கிறது என்பது பெரிய விடயம். நைதரசன் குறைந்தால் செடி பழைய இலைகளில் இருப்பதைக் கழற்றி எடுத்துத் தளிருக்கு அனுப்பும். அதனால் அடியிலுள்ள கிழட்டு இலைகள் முதலில் மஞ்சளாகும். வாப்பாவின் வயலில் நடந்தது அதுதான். இரும்பு அப்படியல்ல. ஓர் இலைக்குப் போய்ச் சேர்ந்த இரும்பை மறுபடி எடுத்து வேறிடத்துக்கு அனுப்பச் செடிக்கு இயலாது. ஆகவே இரும்பு குறைந்தால் புதிதாக வரும் தளிர்தான் வெளிறும். நரம்பு பச்சையாக இருக்க, நரம்புக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும், ஒரு வலை விரித்ததுபோல. எங்கள் கொடியின் தளிர்களில் அந்த வலை தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் இதை நம்புவதற்கு ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு தாராளம். வாளியில் எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சள் படலம் படியும். தொட்டி முழுக்கத் துருக்கறை. என் வெள்ளைச் சீருடையை அந்தத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அது பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது என்று காலைக் கூட்டத்தில் ஒரு நாள் டீச்சர் கேட்டே விட்டார். அப்படிப்பட்ட தண்ணீரைத் தினமும் குடிக்கிற கொடிக்கு இரும்புக் குறைபாடு என்று வீட்டில் சொன்னால் தம்பி என்ன சொல்லுவான் என்று எனக்குத் தெரியும். சொன்னான்.

அதனால் அவசரப்படாமல் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க முடிவு செய்தேன். ஒரு பழைய பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களை அதற்கென்று ஒதுக்கினேன்.

வெயில் முதலில். மல்லிகைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணித்தியால நேரடி வெயில் இல்லாவிட்டால் கொடி மெலிந்து நீளும், பூக்காது. ஒரு சனிக்கிழமை முழுக்க மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தேன். எட்டு மணி முதல் இரண்டு மணி வரை வெயில் விழுகிறது. தவிர, எங்கள் கொடி வெயில் தேடி மெலிந்து நீளவும் இல்லை, கட்டையாக நின்றது. வெயிலில் குறை இல்லை.

பூச்சி. தளிரின் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூச்சி இருந்தால் அது சாற்றை உறிஞ்சும். எறும்பு வரிசை அதைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் கொடியில் நாலைந்து பூச்சிகள் இருந்தன. சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன், போய்விட்டன. கொடியில் மாற்றமில்லை.

காற்று. இதில் எனக்கு நிறையச் சந்தேகம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். கச்சான் என்றதும் கடற்கரையில் விற்கிற வறுத்த கச்சானை நினைக்க வேண்டாம், இது காற்று. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் சூட்டோடு இறங்கி வரும். வெளியில் காயப்போட்ட துணி மடமடவென்று காய்ந்து நிற்கும். மெல்லிய தளிரெல்லாம் கருகும். பழைய வீட்டில் நாலு பக்கமும் வீடுகள் இருந்ததால் காற்று உள்ளே வராது. இங்கே மேற்கே திறந்த வயல். மூன்று கிடுகு வாங்கி மறைப்புக் கட்டினோம். தளிர் கருகுவது நின்றது. மஞ்சள் நிற்கவில்லை, வளர்ச்சியும் வரவில்லை.

தண்ணீரின் அளவுதான் எல்லாரையும் குழப்பியது. கடும் வெயிலில் கொடி வாடியது. சரி, தண்ணீர் போதாது என்று நினைக்கலாம். ஆனால் முந்திய மாரியில், நவம்பர் டிசம்பரில் மழை கொட்டும்போதும் அதே கொடி அதேபோல வாடி, இலை உதிர்த்து நின்றது. காய்ந்தாலும் வாடுகிறது, நனைந்தாலும் வாடுகிறது. "இதுக்கு இந்த எடம் புடிக்கல்ல புள்ள. விடு" என்றார் உம்மா. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கொடியைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தமிழ் பாடக் கட்டுரையென்றால் இந்த இடத்தில் உம்மாவையும் கொடியையும் ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. உம்மா வேர் பிடிக்காத கன்று இல்லை. வந்த மூன்றாம் மாதமே அந்தத் தெருவில் எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: ராத்தா வீட்டுக்குப் போனால் குசினிக்குள் தானாகப் போய்ப் பானையைத் திறந்து பார்க்கலாமா, அல்லது முன்னறையில் விருந்தாளிபோல இருக்க வேண்டுமா என்பது. அதை அவர் எங்களிடம் கேட்கவும் இல்லை. இந்த வீட்டில் ஒரு பந்தல் போட்டு, அதில் பூத்து, அதைப் பறித்து ராத்தாவுக்கு அனுப்பினால் ஏதோ ஒன்று நேராகிவிடும் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அது என் ஊகம். அந்த ஊகம்தான் என்னைக் கொடியடியில் இருத்தியது.

காய்ந்தாலும் நனைந்தாலும் வாடுகிறது என்றால் சிக்கல் வேரில். வேரும் சுவாசிக்கிறது, மண் துளைகளில் இருக்கிற காற்றிலிருந்து ஒட்சிசன் எடுக்கிறது. தண்ணீர் வடியாமல் தேங்கினால் துளைகளில் காற்று இராது, வேர் மூச்சுத் திணறும், தண்ணீருக்குள் நின்றுகொண்டே தண்ணீர் எடுக்க இயலாமல் இலை வாடும். கோடையில் வாடுவதற்கோ வேர் ஆழமாகப் போகாமல் மேல்மண்ணிலேயே கிடப்பது காரணமாகலாம். இரண்டு வாட்டத்துக்கும் ஒரே காரணம் பொருந்த வேண்டுமென்றால் அடியில் ஏதோ ஒன்று வேரையும் தண்ணீரையும் தடுக்க வேண்டும். வாப்பாவிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார். வயலில் வருடக்கணக்காகச் சேறடித்து உழுவதால் உழவுக்குக் கீழே ஓர் இறுகிய படை உண்டாகும். அந்தப் படைதான் தண்ணீரை வயலில் நிறுத்தி வைக்கிறது. "அது கீழ கிடக்குதானே" என்றார். ஆனால் அது மூன்றடிக் கிறவலுக்கும் கீழே. இவ்வளவு சின்னக் கொடி அதைத் தொட்டிருக்க நியாயமில்லை.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை தோண்டினோம். கொடியின் அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு பக்கமாக மட்டும், ஓர் ஒடுங்கிய கிடங்கு. முதல் அரை அடி மண்வெட்டிக்கு லேசாக வந்தது. ஓர் அடியில் மண்வெட்டி 'ணங்' என்றது. வாப்பா அலவாங்கால் குத்தினார். சாம்பல் நிறத்தில், இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. கூடவே செங்கல் துண்டுகள், சீமெந்துப் பையின் கடதாசிக் கிழிசல், ஓர் ஆணி. வீடு கட்டும்போது மேசன்மார் சீமெந்தும் சுண்ணாம்பும் குழைத்த இடம் அது. வேலை முடிய எஞ்சியதை அங்கேயே கொட்டி, வாளிகளைக் கழுவி ஊற்றி, மேலே மண்ணை இழுத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். குசினிக்குக் கிட்ட, தண்ணீர்க் குழாய்க்குக் கிட்ட, வசதியான இடம். வசதியான இடம் என்று உம்மாவும் அதையே தெரிவு செய்திருந்தார்.

வேர்களைப் பார்த்ததும் தம்பியும் கேலியை நிறுத்தினான். கீழே இறங்கிய வேர்கள் அந்தக் கட்டியை முட்டி, அப்படியே பக்கவாட்டில் திரும்பி, அதன் மேலே பாய் விரித்ததுபோல ஓடியிருந்தன. சில நுனிகள் கறுத்து அழுகியிருந்தன.

கட்டியிலிருந்து ஒரு துண்டை உம்மாவின் வினாகிரிப் போத்தலால் நனைத்தேன். சுர்ரென்று பொங்கியது. சுண்ணாம்புச் சத்தில் அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டு வெளிவரும் என்பது தரம் 10 பாடம். அடுத்த நாள் கொடியடி மண், சாச்சி வீட்டு மண் இரண்டையும் தனித்தனிப் பைகளில் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். வடித்த நீரில் கரைத்துத் தெளிய வைத்துப் பீ.எச். தாளில் தொட்டுப் பார்த்தோம். எங்கள் மண் 8க்கும் 9க்கும் நடுவே நின்றது. சாச்சி வீட்டு மண் 7. ஐதான அமிலம் விட்டபோது சாச்சி வீட்டு மண்ணும் லேசாகப் பொங்கியது, அதில் கடற்சிப்பித் துகள்கள் இருக்கின்றன. எங்களுடையது குவளை விளிம்பு வரை வந்தது.

தண்ணீரில் இரும்பு இருந்தும் கொடிக்கு இரும்பில்லாத மர்மம் அத்தோடு அவிழ்ந்தது. கிணற்றுக்குள் கரைந்திருக்கிற இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. துருவை வேரால் அப்படியே உறிஞ்ச முடியாது. மண் காரமாக இருந்தால் அதைக் கரைத்து எடுப்பது இன்னும் கடினம். சோற்றுப் பானையைப் பூட்டி வைத்துவிட்டுப் பசியாயிருக்கிறாயா என்று கேட்ட மாதிரி. முட்டைக் கோதும் அடுப்புச் சாம்பலும் மண்ணை மேலும் காரப் பக்கம்தான் தள்ளும். அதை மாமியிடம் சொல்ல உம்மா விடவில்லை. "அன்பா கொண்டு வாறா. வாங்கி வைப்பம்" என்றார். இப்போதும் வாங்குகிறோம். அவர் போனதும் அது கறிவேப்பிலைக்குத் தூரமாக, வேலியோரத்தில் போகிறது.

கந்தகத்தூள் போட்டால் காரம் குறையும் என்று புத்தகத்தில் இருக்கிறது. விவசாய விஞ்ஞான டீச்சரிடம் கேட்டேன். மண்ணில் சுண்ணாம்பு கொஞ்சமாக இருந்தால் அது சரி, கட்டியாகவே கிடந்தால் எத்தனை கிலோ போட்டாலும் அதைச் சுண்ணாம்பு விழுங்கிவிடும் என்றார். இரும்புச் சத்தை இலையில் தெளித்தால் தளிர் கொஞ்ச நாளைக்குப் பச்சையாகும், அடுத்த தளிர் மறுபடி மஞ்சளாகும். அதற்கெல்லாம் முன்னால் கட்டியை அப்புறப்படுத்தச் சொன்னார்.

கொடியைப் பிடுங்கி வேறிடத்தில் நடலாம் என்று வாப்பா சொன்னார். உம்மா சம்மதிக்கவில்லை. "இன்னொரு தரம் புடுங்குறதா?" என்று கேட்டார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அரைவாசி அரைவாசியாகச் செய்தோம். முதலில் ஒரு பக்கம் மட்டும் இரண்டரை அடி ஆழத்துக்குத் தோண்டி, கட்டியை உடைத்து அள்ளினோம். மறுபக்க வேர்கள் தொடப்படாமல் இருந்து கொடியைக் காப்பாற்றும். அந்தப் பக்கத்தில் புது வேர் ஓடிய பிறகு மற்றப் பக்கம். அள்ளிய கட்டிகள் பதினோரு வாளி. கிடங்கை நிரப்ப மச்சான் பழைய வீட்டு வளவிலிருந்து நாலு மூட்டை மண்ணை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து தந்தார். உம்மா அதைத் தானே அரித்தார். அரிக்கும்போது ஒரு பிளாஸ்ரிக் பொம்மையின் கை வந்தது. அது என்னுடையதா ராத்தாவுடையதா என்று தொலைபேசியில் அரை மணி நேரம் சண்டை. பழைய மண் வெறும் மணல், தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதனால் உக்கிய மாட்டெருவும், கூட்டெருவும், கருக்கிய உமியும் கலந்தோம். அடியில் கிறவல் திறந்துவிட்டதால் தண்ணீர் இறங்க வழி இருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது வடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தேன். முன்பு அரை நாள் நின்ற தண்ணீர் பத்து நிமிடத்தில் போனது.

நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தது. மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் புரண்டு மத்ரஸா மாணவர்கள் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது அந்த வெள்ளத்தில்தான். அந்த நாட்களில் எங்கள் ஊர்களில் யாரும் வேறெதையும் பேசவில்லை. கொடி எங்கள் நினைவில் இருக்கவே இல்லை. தண்ணீர் வற்றி, மையித்து வீடுகளுக்குப் போய் வந்து, ஒரு கிழமைக்குப் பிறகுதான் குசினிப் பக்கம் பார்த்தோம். தோண்டிய பக்கத்தில் இலை உதிரவில்லை. தோண்டாத பக்கத்தில் இரண்டு கொப்பு மொட்டையாக நின்றது.

2025 பெப்ரவரியில் மற்றப் பக்கத்தையும் தோண்டினோம். நுனியை இரண்டு கணு கீழே வெட்டிவிட்டேன். உம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. வளராத கொடியைக் கஷ்டப்பட்டு வளர வைத்துவிட்டு வெட்டுகிறாளே என்று வாப்பாவிடம் முறையிட்டார். நுனி இருக்கும் வரை பக்க அரும்புகள் தூங்கும், நுனி போனால் அவை விழிக்கும். மல்லிகை பூப்பதும் புதிதாக வரும் கொப்புகளில்தான். மூன்று கிழமையில் ஐந்து கொப்புகள் வந்தன. தளிர்கள் பச்சை. ஏப்ரல் முடியுமுன் கொடி பந்தலின் முதல் கம்பைச் சுற்றிவிட்டது. இந்த முறை நாடா வைத்து அளக்கவில்லை, தம்பிதான் அளந்தான்.

மே மாதத்தில் ஒரு மஃரிபுக்குப் பிறகு ஏழு பூ. உம்மா அதைக் கோக்கவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் போட்டு, தம்பியிடம் கொடுத்து ராத்தா வீட்டுக்கு அனுப்பினார். ராத்தாவுடைய பந்தலில் அன்றைக்கு ஒரு கூடைப் பூ பூத்திருக்கும். ராத்தா அதைச் சொல்லவில்லை. "உம்மா ஏன் வரல்ல? நாளைக்கு வந்து அடுப்படியில நின்டு ஒரு ஆணம் ஆக்கித் தரச் சொல்லு" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். உம்மா போனார். பானையைத் திறந்து பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வளவில் புதிய அளவு ஒன்று நடக்கிறது. காணியின் வடக்குப் பாதியில் வாப்பா நாலு மூலையிலும் கட்டை அடித்துக் கயிறு கட்டியிருக்கிறார். அது எனக்கான வீடு. பெண் பிள்ளைக்கு முன்கூட்டியே தொடங்கினால்தான் முடிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு போகத்திலும் மிஞ்சுகிறதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் வாங்குகிறார். இரண்டாயிரம் கல் வந்து இறங்கியிருக்கிறது. நான் இந்த வருடம் உயர்தரம் எழுத இருக்கிறேன். பேராதனையிலோ வந்தாறுமூலையிலோ விவசாய பீடம் கிடைத்தால் நாலு வருடம் படிக்க வேண்டும். அந்த நாலு வருடத்துக்கான காசு கல்லாகவும் சீமெந்தாகவும் மாறி மழையில் நனைந்துகொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. வழமையைக் குறை சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். வீடு பெண்ணின் பெயரில் இருப்பதில் ஒரு பலம் இருப்பதை உம்மம்மாவின் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறேன். எந்த வயதில், எதைக் குறைத்து, யாரை வெளியே எடுத்து அதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு விடயம் கேட்டேன். ஒன்று, மேசன்மார் சீமெந்து குழைக்கிற இடம் குசினிப் பக்கத்திலோ தோட்டம் போடக்கூடிய இடத்திலோ இருக்கக்கூடாது. வீதியோரத்தில், தகரம் விரித்துக் குழைக்க வேண்டும், மிச்சத்தைப் பையில் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்கு வாப்பா உடனே சரி என்றார். பதினோரு வாளி சுமந்தவர் அவர்தானே. மற்றது, நான் படித்து முடிக்கும் வரை அத்திவாரம் வெட்டுவதைத் தள்ளிப் போடுங்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

உம்மாதான் ஆணச் சட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "கல்லு எங்கயும் ஓடாது. புள்ள முதல்ல சோதினைய எழுதட்டும்" என்றார்.